பவுண்டரியில் அணியும் பாதுகாப்பு ஷூ: தேர்வும் அளவும் பராமரிப்பும்

என் இடது புறங்காலைச் சுட்ட இரும்பு, ஷூவின் முனையை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. லேஸ் கோக்கும் துளைகளுக்கு நடுவே, நாக்கு என்று நாங்கள் சொல்லும் தோல் பட்டை மடங்கி நின்ற இடுக்கின் வழியாக, மிளகளவு துளியாக இறங்கியது. அது 2009-ஆம் ஆண்டு. கோயம்புத்தூரில் பம்பு உறைகள் வார்க்கும் ஒரு பவுண்டரியில் ஆறு ஆண்டுகள் வார்ப்புகளின் பிசிறு வெட்டும் பிரிவிலும், மணலில் அச்சு செய்யும் மோல்டிங்கிலும் இருந்துவிட்டு, இரும்பு ஊற்றும் வேலைக்கு மாறி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஈரம் கூடிப்போன ஓர் அச்சில் ஊற்றியபோது உள்ளே எழுந்த நீராவி உருகிய இரும்பை மேலே தள்ளித் தெறிக்கவிட்டது. அன்று நான் அணிந்திருந்தது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இரும்பு முனையும் உள்ள, வாங்கி ஆறு வாரமே ஆன நல்ல ஷூ. இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கக் கட்டியிருந்தேன். நடக்கும்போது தடுக்கக் கூடாது என்று பேண்ட்டின் கால் முனைகளை ஷூவுக்குள் செருகியும் இருந்தேன். முடிச்சை அவிழ்த்துக் காலை வெளியே எடுப்பதற்குள் காலுறை தோலோடு ஒட்டிவிட்டது.

பற்பசை தடவலாம் என்று ஒருவர் ஓடி வந்தார். மேற்பார்வையாளர் அவரைத் தடுத்து, தளத்துக்கு வெளியே இருந்த குழாயடிக்கு என்னை அழைத்துப் போய் இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒட்டிய காலுறையை அங்கே செவிலியர்தான் பிரித்தெடுத்தார். புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. வீட்டில் படுத்திருந்த அந்த நாட்களில் என்னை உறுத்திய கேள்வி ஒன்றுதான்: ஷூவில் குறை எதுவும் இல்லாதபோது கால் ஏன் சுட்டது? அதற்கான விடையைத் தேடத் தொடங்கியதிலிருந்துதான் ஷூவைப் பற்றி நான் அக்கறையோடு படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன். எட்டு ஆண்டுகளாக ஸ்டோர் பொறுப்பில் இருந்து மற்றவர்களுக்கு ஷூ எடுத்துக் கொடுக்கும் வேலையும் என்னுடையதாக இருக்கிறது.

விடை எளிமையானது. மேலிருந்து கனமான பொருள் விழும் இடத்துக்குச் செய்த ஷூவை, உருகிய இரும்பு தெறிக்கும் இடத்தில் நான் அணிந்திருந்தேன். வார்ப்பிரும்பை ஊற்றும்போது அதன் சூடு ஏறத்தாழ 1,300 முதல் 1,400 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு துளி விழுந்தால் அது உருண்டு கீழே போய்விட வேண்டும். எங்கும் தங்கக் கூடாது. லேஸ், நாக்கின் மடிப்பு, அலங்காரத் தையல், ஷூவுக்குள் செருகிய பேண்ட் ஆகிய எல்லாமே துளி தங்குவதற்கு இடம் கொடுப்பவை. ஆகவே ஊற்றுபவர்களுக்கு லேஸ் இல்லாத, இருபுறமும் இழுவைப் பட்டை வைத்த, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ்தான் பொருத்தம். சுட்டுவிட்டால் ஒரே உதறலில் காலை வெளியே எடுக்க முடிய வேண்டும். பேண்ட் பூட்ஸின் மேல் விழுந்து தொங்க வேண்டும்; அதற்கும் மேல் புறங்காலையும் கணுக்காலையும் மூடும் லெக் கார்டு கட்ட வேண்டும். லெக் கார்டின் வார்களும் ஒரே இழுப்பில் பிரியக்கூடியவையாக, காலின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். பவுண்டரிக்கும் வெல்டிங்குக்கும் உரிய காலணிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 20349 என்ற தனித் தரநிலையே இருக்கிறது என்பதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்துகொண்டேன்.

அதே பவுண்டரியில் பிசிறு வெட்டும் பிரிவின் தேவை வேறு. அங்கே தரையெங்கும் கூர்மையான இரும்புச் சீவல்கள் கிடக்கும், கிரைண்டரின் பொறி ஓயாமல் பாதத்தின் மேல் விழும், இருபது முப்பது கிலோ வார்ப்பு மேசையிலிருந்து நழுவும். அங்கே இரும்பு முனையும், சோலுக்குள் ஆணி ஏறாத தகடும், பொறி பட்டு நூல் அறுந்துபோகாதபடி மூடிய தையலும் முக்கியம். வார்ப்பைக் கடைந்து செதுக்கும் மெஷின் ஷாப்பில் எண்ணெயும் கூலண்ட் நீரும் சிந்திய தரை வழுக்கும். விழுகிற பொருளுக்கு இணையாக வழுக்கலையும் அங்கே கவனித்தாக வேண்டும். எனவே ஷூ கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது அளவு அல்ல; “எந்தப் பக்கம் வேலைங்க, காலுக்கு எது வந்து விழும்?” என்பதுதான்.

ஷூவின் நாக்கிலோ உட்புறத்திலோ தைத்திருக்கும் சிறு சீட்டைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரின் பேச்சை நம்பியிருக்க வேண்டியதில்லை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15298. அதன் இரண்டாம் பகுதி பாதுகாப்புக் காலணிக்கு உரியது. அதில் முனையின் தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுவதற்கு அது சமம். மெல்ல நசுக்கும் அழுத்தமாக 15 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம், தாங்க வேண்டும். தாங்குவது என்றால் தொப்பி உடையாமல் இருப்பது மட்டுமன்று. அமுங்கிய பிறகும் விரல்களுக்கு உள்ளே இடம் மிச்சமிருக்க வேண்டும். ஐரோப்பிய அளவில் 42 என்ற ஷூவுக்கு அந்த மிச்ச உயரம் 14 மில்லிமீட்டர். மூன்றாம் பகுதிக் காலணிக்கு 100 ஜூல் மட்டுமே. நான்காம் பகுதிக் காலணிக்கு முனைத் தொப்பியே கிடையாது. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதால், “ஐ.எஸ்.ஐ. ஷூதான்” என்ற சொல்லோடு நின்றுவிடாமல் எந்தப் பகுதி என்று பார்ப்பது அவசியம். முத்திரையோடு அச்சிட்டிருக்கும் சி.எம்/எல் என்ற உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பதைக் காணலாம். ஒரு முறை பெரிய கொள்முதல் ஒன்றை இப்படிச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

எழுத்துக் குறிகளில் எங்களுக்குப் பயன்படுபவை சிலவே. எஸ்1 என்றால் குதிகால் மூடியது, நிலைமின்சாரம் சேராதது, குதிகாலில் அதிர்ச்சி தாங்குவது என்று பொருள். எஸ்2-இல் மேல்தோல் நீரை எளிதில் உறிஞ்சாது. எஸ்3-இல் அதனோடு ஆணி தடுக்கும் அடித்தகடும் பள்ளம் வெட்டிய சோலும் சேரும். பவுண்டரிக்காரர்கள் மறக்காமல் தேட வேண்டிய குறி எச்.ஆர்.ஓ.; 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தொட்டாலும் அந்தச் சோல் உருகாது, வெடிக்காது. பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரில் செய்த சோல்களுக்கே இந்தக் குறி கிடைக்கிறது. எடை குறைந்து மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன் சோல் நடப்பதற்கு இதமானது; ஆனால் இப்போதுதான் அச்சு உடைத்த சுடுமணலின் மேல் நடந்தால் அது இளகிப்போகும். இதமாக இருக்கிறதே என்று ஊற்றும் தளத்துக்கு அதை வாங்கிய ஒருவரின் சோலில் இரண்டே வாரத்தில் குழி விழுந்ததை என் கையில் வைத்துப் பார்த்தேன்.

தேர்வைக் காட்டிலும் அளவில்தான் தவறு அதிகம் நேர்கிறது. எங்கள் ஊரில் பலரும் வேலைக்கு வரும்வரை செருப்பிலோ வெறுங்காலிலோ நடந்தவர்கள்; அவர்களுடைய விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். நீளத்துக்குப் பொருத்தமான எட்டாம் எண் ஷூவில் அவர்களுடைய சுண்டுவிரல் இரும்புத் தொப்பியின் சுவரில் நாள் முழுவதும் உரசும். சாதாரணத் தோல் ஷூ நாலு நாளில் நெகிழ்ந்து கொடுக்கும். இரும்புத் தொப்பி எத்தனை நாளானாலும் ஒரு நூலளவும் நெகிழாது. “ஷூ கடிச்சாக் கடிக்கட்டும், கால் பழகிக்கும் தம்பி” என்று நான் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சொன்னார்கள். தோல் பகுதிக்கு அது உண்மை, தொப்பிக்கு உண்மையில்லை. வலி பொறுக்காமல் பின்புறத்தை மிதித்து மடக்கிச் செருப்புபோல் மாட்டிக்கொள்வார்கள். அல்லது ஓரிரு எண் கூட்டி ஒன்பது, பத்து என்று வாங்கிக்கொள்வார்கள். கூட்டி வாங்கினால் அகலம் கொஞ்சம் கூடும், ஆனால் குதிகால் உள்ளே வழுக்கும், ஷூ மடங்கும் இடம் விரல் மடங்கும் இடத்தோடு ஒத்துவராது, நீண்ட முனை எங்கே முடிகிறது என்பதைக் கால் உணராமல் படியில் தடுக்கும். உருகிய இரும்பு நிரம்பிய லேடிலைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் தடுக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவர்களுக்கு வேண்டியது பெரிய எண் அல்ல, அதே எண்ணில் அகல முனை கொண்ட வேறொரு மாதிரி. ஷூவுக்கு உருவம் கொடுக்கும் கட்டை ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் வேறு வடிவம் என்பதால், குறைந்தது மூன்று மாதிரிகளைப் போட்டுப் பார்க்காமல் ஒருவருக்கு ஷூ கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

அளவு எடுக்கும் நேரம் மாலைதான். நாள் முழுவதும் நின்ற கால் மாலையில் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மூன்று மணிக்கு இறுக்கத் தொடங்கும். வேலைக்கு அணியும் காலுறையோடு, வெள்ளைத் தாளின் மேல் இரண்டு கால்களிலும் முழு எடையை ஊன்றி நிற்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைவேன். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் அளவு. ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்தால், விரல்கள் அட்டைக்கு வெளியே வழிகின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். நீண்ட விரலுக்கும் தொப்பியின் உட்சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவு இடம் வேண்டும். முனை இரும்பு என்பதால் வெளியே அமுக்கிப் பார்த்து இதை அறிய முடியாது. லேஸைத் தளர்த்திக் காலை முன்னே தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு உள்ள சோதனையைக் கடைகளில் யாரும் செய்வதில்லை: ஷூவைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். மோல்டிங் வேலையில் பாதி நேரம் அப்படித்தான் கழிகிறது. உட்காரும்போது பாதம் மடங்கி, தொப்பியின் பின் விளிம்பு விரல்களின் மேல் ஏறி அழுத்தும். நின்று பார்த்தபோது சுகமாக இருந்த ஷூ, உட்கார்ந்ததும் விளிம்பால் வெட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெருவிரலின் மேற்பக்கம் கறுத்துத் தடித்த தோலோடு இருக்கும் மோல்டர்களைக் கேட்டால், “இது தொழில் காய்ப்புங்க” என்பார்கள். அது தவறான ஷூ உண்டாக்கிய காய்ப்பு.

வார்ப்புக்குள் வெற்றிடம் விடுவதற்கான மணல் கோர் செய்யும் பிரிவில் எங்களிடம் பதினான்கு பெண்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஆண்களுக்கான ஆறாம் எண்தான் ஸ்டோரில் மிகச் சிறியது. நான்காம் எண், ஐந்தாம் எண் கால்கள் கொண்டவர்கள் இரண்டு காலுறை போட்டு, முனையில் பஞ்சு அடைத்து அணிந்தார்கள். இது ஷூ கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது மட்டுமே, பாதுகாப்பு அல்ல. பெண்களுக்கான கட்டையில் செய்த ஷூக்கள் கிடைக்கின்றன. சில ஜோடிகள்தானே என்று கொள்முதல் செய்பவர்கள் தட்டிக்கழித்ததால்தான் அவை வந்து சேராமல் இருந்தன. இன்னொன்று மெட்டி. இரண்டாம் விரலில் முகப்பு வைத்த மெட்டி போட்டிருந்தால், தொப்பிக்குள் அது பக்கத்து விரலைக் கிழிக்கிறது. கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் மூத்த அக்கா ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதத்தில் அவர்களே பேசி முடிவெடுத்து, வேலை நாட்களில் முகப்பில்லாத தட்டையான மெட்டி போட்டு வந்தார்கள். பெண்களுக்கான அளவில் அகல முனை ஷூவும் வந்த பிறகு அந்தப் பிரிவில் யாரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதை நான் பார்க்கவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னோடு பல ஆண்டுகள் ஊற்றிய அண்ணன் ஒருவருக்கு ஷூவுக்குள் ஒரு சிறு இரும்புச் சீவல் இருந்தது காலை எட்டு மணிமுதல் மாலைவரை தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் காலுறையில் ரத்தம் கண்டபோதுதான் தெரிந்தது. உணர்வு மங்கிய பாதம் வலியைச் சொல்லவில்லை. அந்தப் புண்ணுக்காக அவர் ஒரு விரலை இழந்தார். அன்றிலிருந்து, சர்க்கரை இருப்பவர்கள் ஷூவை அணியும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்றும், சாப்பாட்டு நேரத்தில் கழற்றிப் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறேன். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்காக ஸ்டோர் வாசலில் தரையோடு ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். கவிழ்த்துத் தட்டுவது எல்லோருக்கும் நல்லதுதான். மழைக்காலத்தில் தேளும் பூரானும் ஷூவுக்குள் ஒதுங்கும்.

பராமரிப்பில் முதல் எதிரி வியர்வை. எட்டு மணி நேரம் ஈரத்தில் ஊறிய தோல் ஓர் இரவில் முழுவதும் உலராது. ஈர ஷூவையே மறுநாளும் அணிந்தால் தோல் இற்றுப்போவதோடு விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுத்து மாற்றி மாற்றி அணியச் செய்தபோது, இரண்டும் சேர்ந்து உழைத்த காலம் ஒரு ஜோடியின் இரு மடங்கைத் தாண்டியது. இதைக் கணக்கெழுதிக் காட்டித்தான் நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றேன். வேலை முடிந்ததும் உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். உலையின் அருகே வைத்து உலர்த்தும் பழக்கம் எங்களிடம் வெகுநாள் இருந்தது. அந்தச் சூட்டில் தோல் அப்பளம்போல் விறைத்து, மடங்கும் இடத்தில் வெடிக்கும். சோலை ஒட்டிய பசையும் விட்டுப்போகும். தண்ணீரில் முக்கிக் கழுவுவதும் கூடாது. தையலோரத்தில் படியும் கரிமணலைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை மெழுகு பாலிஷ் கொஞ்சமாக இட்டால் போதும். வேலைக்கு முன் அள்ளிப் பூசிய பாலிஷ் பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஆகவே அது ஓய்வு நாளின் வேலை. நைலான் காலுறை சூட்டில் உருகித் தோலில் ஒட்டும் என்பதை என் காலே அறிந்திருக்கிறது. பருத்தியோ கம்பளியோதான் அணிய வேண்டும்.

ஸ்டோரில் நான் செய்த தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரே முறையில் நூற்றிருபது ஜோடி பாலியூரித்தேன் சோல் ஷூக்களை மெஷின் ஷாப்புக்காக வாங்கி அடுக்கினேன். நான்காவது ஆண்டில் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து ஒருவருக்குக் கொடுத்தபோது, புத்தம் புதிய ஷூவின் சோல் மதியத்துக்குள் புட்டு உதிர்வதுபோல் உதிர்ந்துவிட்டது. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனை உள்ளிருந்தே சிதைக்கும். அணியாமல் வைத்திருந்தாலும் அது நிற்காது. சீட்டில் தயாரித்த ஆண்டும் மாதமும் அல்லது காலாண்டும் இருக்கும் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. இப்போது வாங்கும்போதே அந்தத் தேதியைப் பார்க்கிறேன், ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை, முதலில் வந்ததை முதலில் கொடுக்கிறேன், சுவரையும் தரையையும் தொடாமல் பலகையின் மேல் அடுக்குகிறேன்.

எப்போது தூக்கிப் போடுவது என்பதில் தயக்கம் வேண்டாம். சோலின் பள்ளங்கள் தேய்ந்து வழுக்கத் தொடங்கினாலோ, தோல் கிழிந்து தொப்பியின் இரும்பு தெரிந்தாலோ, சோல் ஓரம் வாய் பிளந்தாலோ ஷூவின் காலம் முடிந்தது. கனமான பொருள் ஒருமுறை முனையில் விழுந்துவிட்டால், வெளியே நசுங்கல் தெரியாவிட்டாலும் அந்த ஜோடி போக வேண்டியதுதான். வளைந்த இரும்பு அடுத்த அடியை முழுவதும் தாங்காது. இரும்பு முனை நசுங்கினால் விரலையே வெட்டிவிடும் என்ற பயத்தில் ஷூவை மறுப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். அந்தத் தொப்பியை மடக்கும் பாரம் தொப்பி இல்லாத பாதத்தின் மேல் விழுந்தால் விரல்கள் கூழாகிவிடும் என்பதை, பழைய ஷூ ஒன்றின் முனையை ரம்பத்தால் அறுத்துக் குறுக்குவெட்டாகக் காட்டித்தான் விளக்குகிறேன். மாற்று ஷூவுக்காகச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று அஞ்சிக் கிழிந்ததையே இழுத்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், சட்டப்படி நிர்வாகம் வழங்க வேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 114-ஆம் பிரிவில் சொன்னது. அந்த வரியைத் தமிழில் எழுதி ஸ்டோர் சன்னலில் ஒட்டியிருக்கிறேன்.

சென்ற வாரம் மோல்டிங்குக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் காலை எட்டு மணிக்கு வந்து, “ஏழாம் நம்பர் கொடுங்கண்ணா” என்று நின்றான். அன்றைக்கு மட்டும் மணல் கலக்கும் இடத்தில், பாரம் தூக்காத வேலையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, இரவல் ஜோடி ஒன்றைக் கொடுத்து, மாலை ஐந்தரைக்கு வரச் சொன்னேன். வந்தான். தாளில் கால் வரைந்தோம். வலது கால் பெரிது. முதல் பெட்டி சுண்டுவிரலில் பட்டது. இரண்டாவது நின்றபோது சரியாக இருந்தது. ஸ்டோர் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னதும் முகத்தைச் சுளித்தான். மூன்றாவது பெட்டியைத் திறந்தேன்.